முட்டையின் விலாசம்

ஸ்பால்டிங் சாண்ட்விச் ஆலையின் ஏழாம் லைனில் பன்னிரண்டு பெண்கள், ஓடும் பெல்ட்டின் இருபுறமும் ஆறாறு பேராக நின்றிருந்தார்கள். தலைமாட்டில் இருவர் ரொட்டித் துண்டுகளை இணை இணையாக விரித்துப்போட்டார்கள். அடுத்து எதிரெதிரே நின்ற லியான் பிளாங்க்லியும் டாய்வாவும் முட்டைக் கலவையைக் கரண்டியால் அள்ளி, ஒன்றுவிட்டு ஒன்றாக, துண்டின் நட்டநடுவில் வைத்தார்கள். பிறகு பரப்புகிறவர்கள், கீரை தூவுகிறவர்கள், மேல் ரொட்டி மூடுகிறவர்கள், கடைசியில் கத்தி. நிமிடத்துக்கு நாற்பது. கூடத்தில் நான்கு டிகிரி. அது முட்டையின் நலனுக்காக வைத்திருந்த குளிர். பெண்கள் வெள்ளை அங்கிக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்தார்கள்.

முட்டை, பத்துக் கிலோ நீல வாளிகளில் வரும். மூடியைத் திறக்குமுன் அதன்மேல் இருக்கும் சீட்டை உரித்து, பக்கத்தில் தொங்கும் அட்டையில் ஒட்டி, மணியைக் கைப்பட எழுத வேண்டும். அது லியானின் பொறுப்பு. எந்தப் பண்ணை, எத்தனையாவது கொட்டகை, அங்கே எத்தனை வாரமாக இருக்கும் கோழிகள், என்றைக்கு இட்டது, எந்த லாரியில் வந்தது, எப்போது வெந்தது, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஒட்ட மறந்தால் எழுத்து மூலமான எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்கு முன்பு சூப்பர்மார்க்கெட்காரர்கள் சோதனைக்காகக் கூப்பிட்டு, எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் விற்ற சாண்ட்விச்சின் முட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். நான்கு மணி நேரம் அவகாசம். ஸ்பால்டிங் ஆலை பதினொரு நிமிடத்தில் கொட்டகை எண்ணைச் சொல்லிவிட்டது. மேலாளர் அதற்காகக் கேக் வெட்டினார். கேக் மாடி அலுவலகத்திலேயே தீர்ந்துபோனது.

"அதான் கேக்கோட படத்தை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்களே," என்றாள் பெவ். "படத்துல நல்லாத்தான் இருக்கு."

பெவ் லைனின் தலைவி. ஐம்பத்தெட்டு வயது, ஆலையில் இருபத்திரண்டு வருஷம். அவள் ஆலையின் நேரடி ஆள் என்பதால் பச்சைத் தொப்பி. மற்ற பன்னிரண்டு பேரும் ஏஜென்சி ஆட்கள். அவர்களுக்கு நீலத் தலைவலை.

ஜனவரி மூன்றாம் தேதி அந்தக் கேக்கின் படத்துக்குப் பக்கத்தில் புது அறிவிப்பு ஒன்று ஏறியது. ‘உங்கள் சம்பளப் பயணத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்!’ என்று தலைப்பு. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில், ஏஜென்சியே சம்பளம் கொடுக்கும், மணிக்குப் பத்துப் பவுண்டு அறுபது. மற்றதில், குடைக் கம்பெனி ஒன்று உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு அதன் வழியாகச் சம்பளம் கொடுக்கும், மணிக்குப் பதின்மூன்று நாற்பது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடிக்காதவர்களுக்குத் திங்கள் முதல் ‘ஷிஃப்ட் ஒதுக்குவதில் இயலாமை ஏற்படலாம்.’

"இயலாமை ஏற்படலாமாம்," என்றாள் பெவ். "மூட்டுவலி மாதிரி."

முதல் இடைவேளையிலேயே கேன்டீன் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"இதுல மண்டையைப் போட்டு உடைக்க என்ன இருக்கு?" என்றாள் மேல் ரொட்டி மூடும் ஷெரில். "பதின்மூணு நாப்பது பெருசா, பத்து அறுபது பெருசா? எம் பேரன் சொல்லிடுவான். அவனுக்கு நாலு வயசு."

"ஒரே சாண்ட்விச்சுக்கு எதுக்குடி ரெண்டு விலை?" என்றாள் டாய்வா. அவள் லிதுவேனியாவிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே ஒரு மரக்கடையில் கல்லாவில் இருந்தவள். "எவனோ நடுவுல ஒரு கடி கடிச்சிட்டுத்தான் குடுப்பான்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"மரக்கடையில இருந்தவளுக்கு மரத்தூள் எங்க போகுதுன்னு தெரியும்."

லியானுக்குக் கணக்கு வேறு. சமையலறையில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால், குழந்தைக்காகப் போடும் ஃபோலிக் மாத்திரை அட்டை ஒன்றை இலையுதிர் காலத்திலிருந்து வைத்திருந்தாள். அது அவளுக்கும் அவளோடு வாழும் கார்லுக்கும் மட்டும் தெரியும். கார்லுக்கு டயர் கடையில் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள். வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. குழந்தை வந்தால் பேறுகாலச் சம்பளம் வேண்டும்: முதல் ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய முழுசாக, பிறகு கொஞ்சமாக. அதற்கு, பிரசவத்துக்குப் பதினைந்து வாரம் முன்பே, ஒரே முதலாளியிடம் விடாமல் இருபத்தாறு வாரம் வேலை செய்திருக்க வேண்டும். ஏஜென்சியிடம் இரண்டு வருஷமாக இருக்கிறாள். ஆனால் புத்தாண்டில் ஊரே உடம்பு இளைக்கச் சபதம் எடுத்து சாண்ட்விச்சை நிறுத்திவிடுவதால், இரண்டு ஜனவரியிலும் ஏஜென்சி அவளுக்கு வேலை முடிந்த சீட்டை அனுப்பி, கணக்கை முடித்து, ஈஸ்டருக்கு முன்னால் மறுபடி புதிதாக எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

இருபத்தாறு வாரம். அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்: எந்தக் கட்டத்தில் இருபத்தாறு வாரம் இருக்கிறது?

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஏஜென்சியின் தகரக் கொட்டகைக்குப் போனாள். கதவில் ‘இமோஜன், திறமையாளர் அனுபவப் பங்காளி’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு கிண்ணம் புதினா மிட்டாய், இருபத்து நான்கு வயதுப் பெண்.

"எதை எடுத்தா நல்லதுங்க?"

"ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாதுங்க. அது உங்களோட சுதந்திரம்."

"சரி, நீங்களா இருந்தா எதுல டிக் பண்ணுவீங்க?"

"நானா?" இமோஜன் யோசித்தாள். "நான் பெர்மனென்ட்டுங்க."

"ஏஜென்சியிலேயே இருந்தா, இந்த ஜனவரியும் முடிஞ்ச சீட்டு அனுப்புவீங்களா?"

"அது தேவையைப் பொறுத்து."

"இன்னைக்குத் தேதியே ஜனவரி நாலு."

"அதான் சொல்றேன். தேவையைப் பொறுத்து." மிட்டாய்க் கிண்ணத்தை லியானின் பக்கம் நகர்த்தினாள். "எல்லாருமே குடையைத்தான் எடுக்கறாங்க. நான் ஆலோசனையா சொல்லல."

வியாழக்கிழமை குடைக் கம்பெனியின் ஆளே வந்தார். பெயர் ஜைல்ஸ். சட்டைப் பையில் தொங்கிய அட்டையில் ‘ஒப்பந்தத் தொழில்முறையாளர் பயண வழிகாட்டி’ என்று போட்டிருந்தது. ஜெல் தடவி நிறுத்திய தலைமயிர்மேல் சுகாதார அதிகாரி ஒரு நீல வலையை மாட்டிவிட்டிருந்தார், தாடிக்கும் ஒன்று. அதனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரு மெல்லிய வலையில் வடிகட்டித்தான் வெளியே வந்தது. நான்கு பெட்டி டோனட்டும் ஆளுக்கொரு பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

"நாங்க சம்பளம் குடுக்கற கம்பெனி இல்லைங்க," என்று தொடங்கினார். "நாங்க மன அமைதி குடுக்கற கம்பெனி."

"மன அமைதி மணிக்கு எவ்ளோ?" என்று கேட்டாள் ஷெரில்.

"பதின்மூணு நாப்பது," என்றார் ஜைல்ஸ், கொஞ்சமும் அசராமல்.

திரையில் அம்புக்குறிகள் வந்தன. ஏஜென்சியிலிருந்து ஒரு அம்பு குடைக்கு. குடையிலிருந்து ஒரு அம்பு சிரிக்கிற பெண்ணுக்கு. சிரிக்கிற பெண்ணிடமிருந்து ஒரு அம்பு, என்ன காரணத்தாலோ, சூரியனுக்கு. சட்டபூர்வக் கழிவுகள், வெளிப்படையான கட்டணம், முழுமையான இணக்கம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. டோனட் தீர்ந்தவர்கள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

லியான் கையைத் தூக்கினாள். "வேலை இல்லாத வாரத்துலயும் நான் உங்க ஊழியர்தானா?"

"நல்ல கேள்வி! மழை பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் நீங்க எங்க குடும்பம்."

"குடும்பம் வேண்டாங்க. ஊழியரா?"

"ஊழியர்தான்."

"நடுவுல விடுபடாம?"

"விடுபடாம. ஒரே முதலாளி. தொடர்ச்சியான வேலை. ஏஜென்சியில கிடைக்காதது அதுதானே." கையிலிருந்த பலகைக் கணினியைத் தடவினார். "லீவு, நோய்க்காலச் சம்பளம், பேறுகாலச் சம்பளம், எல்லாச் சட்ட உரிமையும் உண்டு."

லியான் அவர் கொடுத்த பேனாவால், அவர் கொடுத்த காகிதத் துடைப்பானில், ‘ஒரே முதலாளி, விடுபடாமல், ஜன. 5’ என்று எழுதி மடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெவ் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள்; பிறகு லியானின் வயிற்றைப் பார்த்தாள். தன் டோனட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டபோது நல்ல மழை. லியான் தினமும் டாய்வாவின் காரில்தான் போய்வருவாள். இருவர் மூச்சிலும் ஈர அங்கிகளின் ஆவியிலும் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. டாய்வா வண்டியைக் கிளப்பாமல் விரலை நீட்டிக் கண்ணாடியில் எழுதத் தொடங்கினாள்.

"பதின்மூணு நாப்பது. முப்பத்தொம்போது மணி நேரம். ஐநூத்து இருபத்திரண்டு பவுண்டு அறுபது."

"ம்."

"அவன் கட்டணம் பதினெட்டு. குடை வாடகை." கழித்தாள். "அப்புறம் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு, முப்பத்தொம்போது எழுபது."

"அதை முதலாளிதானே கட்டணும்?"

"கட்டுவாங்க. உன் காசுல."

"அது எப்படி?"

"எனக்கு எப்படித் தெரியும்? அம்புக்குறி போட்டுக் காட்டினாரே, அப்ப நீ கேட்டிருக்கணும். அப்புறம் தொழில் பழகுநர் வரின்னு ரெண்டு பவுண்டு முப்பது."

"நம்ம எங்க தொழில் பழகினோம்?"

"முட்டை அள்ளப் பழகலையா?" டாய்வாவின் விரல் கண்ணாடியில் கீழே இறங்கிக்கொண்டே போனது. "மிச்சம் நானூத்து அறுபத்திரண்டு அறுபது. இதுக்குள்ளேயே லீவுக் காசும் அடக்கம். ஏஜென்சியில அது தனியா வரும். இங்க உன் சம்பளத்துலயே எடுத்து, லீவுன்னு பேர் வச்சு, உனக்கே குடுக்கறாங்க. அதையும் கழி." கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "மணிக்குப் பத்து ஐம்பத்தெட்டு."

மழை கூரையில் அடித்தது. லியான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏஜென்சியை விட ரெண்டு பென்ஸ் கம்மியா?"

"ரெண்டு பென்ஸ் கம்மி. பேனாவும் டோனட்டும் இலவசம்."

"வாரத்துக்கு எழுபத்தெட்டு பென்ஸ்," என்றாள் லியான் மெதுவாக. "நான் குடையையே எடுக்கப் போறேன்."

"இவ்ளோ நேரம் கண்ணாடியில நான் கோலமா போட்டேன்?"

"எழுபத்தெட்டு பென்ஸ் போனாப் போகுது. ஒரே முதலாளி கிடைக்கறாங்கல்ல."

"உனக்கு எதுக்குடி ஒரே முதலாளி? நீ என்ன கல்யாணமா..." என்று ஆரம்பித்த டாய்வா, லியானின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஓ."

"இன்னும் இல்லை," என்றாள் லியான். கையை நீட்டிக் கண்ணாடிக்குக் காற்று ஊதும் விசையைத் தட்டினாள். கண்ணாடி கீழிருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் பத்து ஐம்பத்தெட்டு போனது. கடைசியாகப் பதின்மூன்று நாற்பது.

வெள்ளிக்கிழமை லியான் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். ஷெரிலும் மற்றவர்களும் பெரிய எண்ணுக்காக அதே கட்டத்தில் அடித்தார்கள். டாய்வா மட்டும் தன் கணக்குப்படி முதல் கட்டத்தில் அடித்தாள். சாயங்காலம் அவளுடைய ஃபோனுக்கு, தேவைக் குறைவினால் திங்கட்கிழமை ஷிஃப்ட் இல்லை என்று செய்தி வந்தது. சனிக்கிழமை காலை அவள் கட்டத்தை மாற்றினாள். பத்து நிமிடத்தில் தேவை வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஜனவரி ஒன்பது. லியான் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், கார்லின் டயர் கடை காலண்டரில், வாரத்துக்கு ஒன்று என்று முதல் பெருக்கல் குறியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு வேலையில் ஒன்றும் மாறவில்லை. அதே பெல்ட், அதே கரண்டி, அதே இடைவேளை. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குச் சம்பளச் சீட்டு ஆப்பில் வரும். அந்த நேரம் கேன்டீனில் பேச்சு அடங்கி, பன்னிரண்டு கட்டைவிரல்கள் ஒரே சமயத்தில் மேல்நோக்கித் தள்ளும். சீட்டின் அடிக்குப் போக வேண்டும், கைக்கு வரும் தொகை அங்கேதான் இருக்கிறது. மேலே யாரும் பார்ப்பதில்லை. மேலே என்ன இருக்கப் போகிறது, சொந்தப் பெயரும் சொந்த விலாசமும்தானே. சில வெள்ளிக்கிழமைகளில் சீட்டு திறப்பதற்கு முன் ‘புதுப்பிக்கப்பட்ட நிபந்தனைகள்’ என்று ஒரு நீலப் பெட்டி குறுக்கே வந்து நிற்கும். ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினால் வழி விடும். கட்டைவிரலுக்கு அது வழியில் கிடந்த இன்னொரு கதவு.

மார்ச்சில் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சோதனைக் குச்சி வந்து சேர்ந்தது, இரண்டு கோடுகளோடு. மே மாதம் ஸ்வெட்டரை மீறி வயிறு தெரிந்தது. அன்றிலிருந்து பத்துக் கிலோ வாளியை டாய்வாவே சுற்றிவந்து தூக்கி வைத்தாள். சீட்டை உரித்து ஒட்டுவதை லியான் பார்த்துக்கொண்டாள். ஷெரில் மேல் ரொட்டியை மூடிக்கொண்டே பெயர்கள் சிபாரிசு செய்தாள். எல்லாம் அவளுடைய நாய்களின் பெயர்கள்.

ஜூலையில் மருத்துவச்சி சான்றிதழ் கொடுத்தாள். பிரசவம் நவம்பர் முதல் தேதி என்று போட்டிருந்தது. லியான் அலமாரிக் கதவைத் திறந்து பெருக்கல் குறிகளை எண்ணினாள். விதி கேட்கும் வாரத்துக்குள் இருபத்தேழு. ஒன்று கூடவே இருந்தது. கார்ல் டோஸ்ட்டின்மேல் பீன்ஸைக் கொட்டிக்கொண்டு, "பாத்தியா, நீ கணக்குல புலி," என்றான். சான்றிதழைப் படமெடுத்து ஆப்பில் ஏற்றினாள்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, ‘தகுதி நிபந்தனை பூர்த்தியாகவில்லை’ என்று ஒரு வரி பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளை தொடங்கியதும் அந்தப் பதிலுக்குக் கீழே இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பியானோ வாசித்தார்கள். டாய்வா சொன்னபடி ஃபோனை மேஜை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"கீரன் பேசறேங்க, இன்னைக்கு உங்க நாள் எப்படிப் போகுது?"

லியான் விஷயத்தைச் சொன்னாள்.

"பாத்துட்டேங்க. நீங்க உங்க முதலாளிகிட்ட நாலு வாரமாத்தான் வேலை செய்யறீங்க. இருபத்தாறு வேணும்."

"ஜனவரி ஒம்போதுலேர்ந்து உங்ககிட்டதாங்க இருக்கேன்."

"எங்ககிட்ட இல்லைங்க. நாங்க முதலாளி இல்ல. நாங்க சம்பள நிர்வாகச் சேவை மட்டும்தான்."

"அப்ப என் முதலாளி யாரு?"

விசைப்பலகையில் தட்டும் சத்தம். "லுமிக்ஸ்டன் ஃபெர்ன் இருபத்திரண்டு லிமிடெட்."

மேஜையில் யாரும் மெல்லவில்லை.

"அது பெயின்ட் பேருல்ல?" என்றாள் பெவ்.

"அதுக்கு முன்னாடி யாரு?" லியானின் குரல் தாழ்ந்திருந்தது.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க. தகவல் பாதுகாப்பு."

"என்னோட தகவல்தானே?"

"அதைத்தாங்க பாதுகாக்கறோம்." மறுபடி தட்டும் சத்தம். "ஆனா உங்க சம்பளச் சீட்டுல மேல இருக்கும், பாத்துக்கலாம். மாத்தும்போதெல்லாம் அறிவிப்பு குடுத்திருக்கோம். மார்ச் முப்பத்தொண்ணு, ஜூன் இருபத்து மூணு. ரெண்டு தடவையும் ‘ஏற்கிறேன்’ அழுத்தியிருக்கீங்க."

"ஒரே முதலாளின்னு ஜைல்ஸ் சொன்னாரு."

"அப்படி யாரும் இப்ப இங்க இல்லைங்க."

"அந்த லுமிக்ஸ்டனுக்கு ஃபோன் நம்பர் குடுங்க."

"ஃபோன் இல்லைங்க. விலாசம் இருக்கு." மூன்றாவது மாடி, அறை எண், லியான் போயிராத ஒரு ஊர், அஞ்சல் குறி. நிறுத்தி நிதானமாக வாசித்தான்.

"அங்க யார் இருப்பாங்க?"

"விலாசம்தாங்க இருக்கு."

டாய்வா மேஜைமேல் குனிந்தாள். "தம்பி, அந்தப் பொண்ணுக்குப் பேறுகாலத்துக்கு எதுவுமே கிடையாதா?"

"அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாங்க. இவ்வளவு வராது, கொஞ்சமா வரும். அதுக்கு, எங்களால சம்பளம் குடுக்க முடியாதுன்னு முதலாளி ஒரு படிவம் தரணும்."

"எந்த முதலாளி?" என்றாள் லியான்.

கீரன் மறுபடி விசைப்பலகையைத் தட்டினான். குரலைக் கேட்டால் அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது போலிருந்தது. பிறகு, "இன்னைக்கு உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று கேட்டான்.

லியான் ஃபோனை எடுத்து, ஜனவரியின் முதல் சீட்டைத் திறந்து, கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்தாள். சீட்டின் உச்சி வந்தது. தன் பெயருக்கு மேலே, நகக்கண்ணளவு எழுத்தில், முதலாளி: டார்வெக் ஸ்பின் 14 லிமிடெட். ஏப்ரல் சீட்டு: ஓக்கோ பிரிஸ்மா 9 லிமிடெட். ஜூலை: லுமிக்ஸ்டன் ஃபெர்ன் 22.

"காட்டு," என்று வாங்கிப் பார்த்த டாய்வா தன் ஃபோனைத் திறந்தாள். இழுத்தாள். "வெண்ட்ரிக் லூப் 6." அவள் முகம் சிவந்தது. "நான் உங்கூடத்தானே நிக்கறேன். எதிர்லயே நிக்கறேன்."

"எனக்கு என்ன போட்டிருக்குன்னு பாரு," என்று ஷெரில் கண்ணாடியைத் தேடினாள். "குவெண்டில் ஹார்ப் 31. இவன் யாருடி? எனக்கு ஹார்ப்பும் தெரியாது, முப்பத்தொண்ணும் தெரியாது."

பிறகு எல்லா ஃபோன்களும் திறந்தன. கேன்டீனில் முதல்முறையாகக் கட்டைவிரல்கள் எதிர்ப்பக்கம் இழுத்தன. மேஜையைச் சுற்றி ஒவ்வொருத்தியாக வாசித்தாள். ரொட்டி விரிக்கும் இருவருக்கும் இரண்டு பெயர். பரப்புகிறவர்களுக்கு இரண்டு. கீரைக்கு இரண்டு. கத்திக்கு நிற்கும் இருவரில் ஒருத்தியின் முதலாளிக்குப் பெயரே இல்லை, எண் மட்டும் இருந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கம்பெனி. ஒரு பெயரும் இரண்டாம் முறை வரவில்லை.

"சின்னக் கம்பெனிக்கு அரசாங்கம் தள்ளுபடி பண்ற காப்பீட்டைப் பன்னிரண்டு தடவை முழுங்கறாங்க, மரத்தூள் அங்கதான் போகுது," என்றாள் டாய்வா.

"பிங்கோ," என்றாள் ஷெரில். யாரும் சிரிக்காததால் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கண்ணு, சாப்பிடு," என்றாள் பெவ், லியானிடம். லியான் முன்னால் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு காகிதத் துடைப்பானை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, முன்பு மடித்திருந்த அதே மடிப்பில் மறுபடி மடித்தாள்.

மணி அடித்தது. தலைவலை, அங்கி, இருபது வினாடி கைகழுவல், பூட்ஸுக்கு மருந்துத் தண்ணீர். பன்னிரண்டு பேரும் ஏழாம் லைனில் ஆறாறாக நின்றார்கள். லியானின் வயிறு பெல்ட்டின் இரும்பு விளிம்பைத் தொட்டது. பெல்ட் நகர்ந்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலாளர், சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வந்த தணிக்கைக்காரரோடு கூடத்துக்குள் நுழைந்தார். தணிக்கைக்காரர் லைனின் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த பொட்டலம் ஒன்றைச் சும்மா எடுத்து, கையிலிருந்த நேரம் பார்க்கும் கருவியை அழுத்தினார். "முட்டை," என்றார்.

பெவ் பொட்டலத்தின் எண்ணைப் பார்த்தாள். நடந்து வந்து லியானின் பக்கத்தில் தொங்கிய அட்டையை எடுத்தாள். இரண்டு சீட்டு மேலே போய் விரலை வைத்தாள். லியானின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசிக்க ஆரம்பித்தாள்.

"பண்ணை நூத்திப் பதினெட்டு. பண்ணைக்காரர் ஆலன் குட்ரம். கொட்டகை நாலு. செவ்வாய்க்கிழமை இட்டது. வேக வச்சது புதன் மதியம் மூணே கால்."

"கோழிகள்?"

"ஒரே தொகுதி. அதே கொட்டகையில இருபத்தொம்போது வாரமா இருக்கு. நடுவுல மாத்தல."

தணிக்கைக்காரர் கருவியை அழுத்தினார். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. மேலாளர் கைதட்டினார். கையுறை போட்டிருந்ததால் சத்தம் பெரிதாக வரவில்லை. தணிக்கைக்காரர் தன் படிவத்தில் முட்டை, ரொட்டி, கீரை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்துக்காக லைனைப் பார்த்துத் தலைகளை எண்ணினார். ‘ஆட்கள்: 12’ என்று எழுதினார்.

வாளி தீர்ந்திருந்தது. டாய்வா சுற்றிவந்து அடுத்ததைத் தூக்கி வைத்தாள். லியான் அதன் மூடியிலிருந்து சீட்டை ஓரம் கிழியாமல் உரித்து, அட்டையில் ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து, பக்கத்தில் எழுதினாள்: 10.14.